சதுரமில்லாத சதுக்கம்

சதுக்கம் என்றால் நாலு மூலை இருக்க வேண்டும், இல்லையா? நான் இன்றைக்குச் சொல்லப் போகிற சதுக்கத்துக்கு மூலையே கிடையாது. கிட்டத்தட்ட வட்டம். அதுவும் காம்பஸ் வைத்துப் போட்ட வட்டம் இல்லை, சின்னப் பிள்ளை கையால் போட்ட வட்டம்.

ஸ்பெயினில் மாட்ரிட்டுக்குத் தென்கிழக்கே சுமார் 45 கிலோமீட்டரில் சின்ச்சோன் என்று ஒரு சின்ன ஊர். அதன் நடுவில் இருப்பதுதான் இந்த பிளாசா மயோர். பெரிய சதுக்கம் என்று அர்த்தம். (அந்த நாட்டில் ஊருக்கு ஊர் இதே பேர்தான்!) நான் அங்கே போனதில்லை. என் பர்ஸ் இருக்கிற இருப்புக்கு இப்போதைக்குப் போகப் போவதும் இல்லை. பிறகு எதற்கு இந்த ஊர்மேல் இவ்வளவு ஆர்வம் என்று கேட்கிறீர்களா? அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் சதுக்கம். பதினைந்தாம் நூற்றாண்டில் இங்கே முதல் சில வீடுகள் எழும்பின. கீழே தூண் வைத்த நடை, மேலே மரத்தாலான பால்கனி. அடுத்து வந்தவர்களும் அப்படியே கட்டினார்கள். பதினேழாம் நூற்றாண்டில்தான் வீடுகள் சுற்றி வளைத்து முழுசாக மூடிக்கொண்டன. இன்றைக்கு எண்ணினால் 234 மர பால்கனிகள். ஒரே ஆள் உட்கார்ந்து வரைந்த பிளான் இல்லை. இருநூறு வருஷம், வீடு வீடாகச் சேர்ந்த வடிவம்.

நடுவில் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. வெறும் தரை. அதனால்தான் அங்கே எல்லாமே நடந்திருக்கிறது. சந்தை, நாடகம், அரசு விழா, மரண தண்டனை, காளைச் சண்டை. இந்தக் காளைச் சண்டை விஷயத்தில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. ஸ்பானிய முறையில் கடைசியில் காளை சாகும். அதைப் பார்க்க எனக்கு மனசு வராது. ஆனால் படத்தில் பார்த்து நான் ரசிக்கிற அந்த பால்கனிகள்தான் அதைப் பார்க்க வந்த கூட்டத்துக்கு காலரி. அழகு வேண்டும், அது எதற்குப் பயன்பட்டது என்று தெரிய வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

சதுக்கத்துக்கு மேலே மேட்டில் ஒரு மாதா கோயில். அதற்குக் கோபுரம் இல்லை. பக்கத்திலேயே ஒரு கோபுரம் நிற்கிறது, அதற்குக் கோயில் இல்லை! ஊர்க்காரர்களே இதைச் சொல்லிச் சிரிப்பார்களாம். ஆனால் காரணம் சிரிக்கிற மாதிரி இல்லை. 1808 டிசம்பரில் நெப்போலியனின் படை ஊருக்குள் புகுந்து தீ வைத்தது. ஊர் மக்கள் பலர் கொல்லப்பட்டார்கள். ஒரு கோயில் அழிந்து அதன் கோபுரம் மட்டும் மிஞ்சியது. எரிந்த இன்னொரு கோயிலைப் பிறகு பழுது பார்த்தார்கள். ஓவியர் கோயா 1812இல் வரைந்த மாதா படம் அங்கேதான் இருக்கிறது. அவருடைய தம்பி இந்த ஊரில் பாதிரியாராக இருந்தவர்.

பிறகு சினிமாக்காரர்கள் வந்தார்கள். 1956இல் வந்த 'எண்பது நாட்களில் உலகைச் சுற்றி' படத்தின் காளைச் சண்டையை இந்தச் சதுக்கத்தில்தான் எடுத்தார்கள். ஜூல்ஸ் வெர்னின் நாவலில் கதாநாயகன் ஸ்பெயின் பக்கமே போகவில்லை என்பது தனிக்கதை. 2023இல் வந்த வெஸ் ஆண்டர்சனின் 'ஆஸ்டராய்டு சிட்டி'யும் இந்த ஊர்ப் புறத்தில் எடுத்ததுதான்.

இப்போது என் ஆர்வத்துக்குக் காரணம். வால்பாறை பக்கம் சின்கோனா என்று ஒரு ஊர் இருக்கிறது. என் அம்மாச்சி அங்கே தேயிலை பறித்தவர். "அதென்ன அம்மாச்சி பேரு?" என்று கேட்டால், "வெள்ளக்காரன் வச்சதுடா, கொயினா மரத்துப் பேரு" என்பார். சின்ன வயசில் மலைக்காய்ச்சலுக்கு அந்தக் கசப்பைக் குடித்தவர் அவர்.

மரத்துக்கு அந்தப் பேர் வந்தது சின்ச்சோன் ஊரால். அந்த ஊரின் பிரபு 1629 முதல் 1639 வரை பெருவில் ஸ்பெயின் அரசரின் பிரதிநிதி. அவர் மனைவிக்குக் காய்ச்சல் வந்து, ஒரு மரப்பட்டையால் குணமானதாக ஒரு கதை கிளம்பியது. அதை நம்பி 1742இல் லின்னேயஸ் மரத்துக்குச் சின்கோனா என்று பெயர் வைத்தார், நடுவில் ஒரு எழுத்தையும் விட்டுவிட்டார்! 1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் அந்தச் செடிகளை நீலகிரிக்குக் கொண்டுவந்தார். 1941இல் பழைய ஆவணங்களைத் தேடிப் பார்த்தபோது பிரபுவின் மனைவி கதைக்கு ஆதாரமே இல்லை என்று தெரிந்தது.

மருந்தே சாப்பிடாத சீமாட்டியின் பட்டம் உலகம் முழுக்க மரத்தில் இருக்கிறது. நிஜமாகவே குடித்துப் பிழைத்த என் அம்மாச்சியின் பேர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருந்தது. முன்பு இதை நினைத்தால் கோபம் வரும். இந்தச் சதுக்கத்தைப் பற்றிப் படித்த பிறகு கோபம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஊர் பிரபுவின் பட்டத்தில் இருக்கலாம், ஆனால் அந்த 234 பால்கனிகளையும் இழைத்த தச்சர்களின் பேர் எதிலும் இல்லை. அவர்கள் செய்த வேலை மட்டும் ஐந்நூறு வருஷமாக நிற்கிறது, ஜனங்கள் இன்னும் அதில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்க்கிறார்கள்.

உங்கள் ஊர்ப் பேருக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்? வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே ஒருதரம் கேட்டு வையுங்கள்.