நான் வாங்கிய முதல் நல்ல ஹெட்போன்



"நீயும் சுவரிதழுக்கு ஏதாச்சும் எழுதுடா, உனக்குத் தெரிஞ்சதை எழுது" என்று தமிழ் ஐயா சொன்னார். எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். போன லீவு முழுக்க அதே யோசனையாக இருந்தேன். அதையே எழுதுகிறேன். (ஐயா, நான் பள்ளிக்கு போன் கொண்டு வருவதில்லை. இது முழுக்க வீட்டில் நடந்த கதை!)

எங்கள் வீடு பல்லடம் பக்கம். வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் அப்புச்சியின் தறிக்குடோன். ஆறு தறி ஓடும். கரண்டு இருக்கும் வரை 'தடக் தடக்' என்ற சத்தம்தான். எங்கள் வீட்டில் பேசுவது என்றாலே கத்துவதுதான். புதிதாக வரும் சொந்தக்காரர்கள், "ஏனுங்க, உள்ள எதாச்சும் சண்டைங்களா?" என்று வாசலிலேயே நின்றுவிடுவார்கள்.

இந்தச் சத்தத்தில் பாட்டுக் கேட்பது எப்படி? பஸ் ஸ்டாண்டில் 100 ரூபாய்க்கு வாங்கிய இயர்போனை மாட்டிக்கொண்டு, சத்தத்தை முழுசாக ஏற்றி வைப்பேன். மூன்று மாதத்தில் ஒரு பக்கம் செத்துவிடும். ஒயரை மடக்கிப் பிடித்தால் கொஞ்சம் கேட்கும். அப்புறம் அதுவும் போகும். மறுபடி 100 ரூபாய்.

லீவில் ஒருநாள் ராத்திரி தறி நின்றுவிட்டது. இயர்போனையும் கழற்றிவிட்டேன். ஆனாலும் காதுக்குள் 'ஙொய்ங்' என்று ஒரே சத்தம். போர்வையை இழுத்து மூடினாலும் போகவில்லை. விடிந்த பிறகுதான் நின்றது. நான் பயந்துபோனேன். காரணம் எங்கள் அப்புச்சி.

அவர் நாற்பது வருஷம் தறி ஓட்டியவர். நாங்கள் பேசுவது அவருக்குப் பாதி கேட்கும். என் தங்கச்சி பேசுவது சுத்தமாகக் கேட்காது. அவள் "அப்புச்சி, அப்புச்சி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். 'அவளை மட்டும் கண்டுக்கவே மாட்டேங்கறாரே' என்று முன்பு நினைப்பேன்.

பள்ளி திறந்ததும் இயற்பியல் ஐயாவிடம் கேட்டேன். அவர் விளக்கமாகச் சொன்னார். நம் உள்காதில் மிகச் சின்ன மயிரிழைச் செல்கள் இருக்கின்றன. பெரிய சத்தம் தொடர்ந்து பட்டால் அவை செத்துவிடும். செத்தது மறுபடி முளைக்காது. பெரும்பாலும் முதலில் போவது கீச்சென்ற சத்தங்களைக் கேட்கும் சக்திதான். அதனால்தான் குழந்தைகள் பேச்சு முதலில் புரியாமல் போகிறது. டெசிபல் கணக்கில் 10 கூடினால் சத்தத்தின் வலிமை 10 மடங்கு! உலக சுகாதார நிறுவனம் சொல்வது, 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். தறிக்குடோனில் சாதாரணமாகவே 90க்கு மேல் இருக்கும். நானோ அதையும் அமுக்குகிற அளவுக்குப் பாட்டு வைத்திருக்கிறேன்.

அன்றைக்கே முடிவு செய்தேன். வாங்கினால் ஒரு நல்ல ஹெட்போன்தான். கையில் இருந்தது 2,000 ரூபாய். லீவில் தார் போட்டதற்கு அப்புச்சி கொடுத்தது, பொங்கல் காசு, எல்லாம் சேர்த்துத்தான். ஐயாவிடம் கேட்டதையும், கடையில் வேலை செய்யும் பக்கத்து வீட்டு அண்ணனிடம் கேட்டதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். உங்களுக்கும் உதவும்.

1. நம் காசுக்கு ஒயர் வைத்ததே நல்லது. புளூடூத் என்றால் பேட்டரி, சிப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் விலை. ஒயர் என்றால் காசு சத்தத்தின் தரத்துக்குப் போகும். ஆனால் போனில் 3.5 மி.மீ. துளை இருக்கிறதா என்று முதலில் பார்க்கணும். இல்லையென்றால் டைப்-சி மாற்றுக் குச்சிக்கும் காசு ஒதுக்கணும்.

2. பின்பக்கம் திறந்த வகை, மூடிய வகை என்று இரண்டு உண்டு. திறந்ததில் பாட்டு விசாலமாகக் கேட்கும். ஆனால் வெளிச் சத்தமும் உள்ளே வரும். தறிக்குப் பக்கத்தில் இருப்பவனுக்கு மூடியதுதான் சரி. வெளிச் சத்தம் குறைந்தால் நாம் பாட்டை ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை!

3. பெட்டியில் 'ஓம்' எவ்வளவு என்று பார்க்கணும். 32 ஓம் அளவில் இருந்தால் போன் சுலபமாக ஓட்டும். 250 ஓம் வகைக்குப் பெரும்பாலும் தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டும்.

4. '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்' என்று எல்லாப் பெட்டியிலும் போட்டிருக்கும். அதை வைத்துத் தரத்தைச் சொல்ல முடியாது. உள்ளே இருக்கும் டிரைவர் பெரியது என்பதாலேயே நல்லது என்றும் இல்லை.

5. நமக்கு மனப்பாடமான பாட்டைப் போட்டுத்தான் கேட்கணும். இரண்டையும் ஒரே சத்த அளவில் வைத்து ஒப்பிடணும். சத்தம் கூட இருப்பது எப்போதும் நல்லதாகவே தோன்றும். அது ஏமாற்று!

ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி, சூலூர் தாண்டி சிங்காநல்லூரில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் காந்திபுரம் போனேன். முதல் கடையில், "தம்பி, இதான் இப்ப எல்லாரும் வாங்கறாங்க. பேஸ் சும்மா அதிரும்" என்று பளபளவென்று ஒன்றைக் காட்டினார்கள். மாட்டினேன். அதிர்ந்தது உண்மைதான். ஆனால் பாடுகிறவர் கிணற்றுக்குள் இருந்து பாடுவது போல இருந்தது. "வேற பார்க்கறேங்கண்ணா" என்றேன். "காது கேக்காதவனுக்குக் கூட இது புடிக்கும், உனக்குப் புடிக்கலையா!" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது கடையில் கறுப்பாக, ஒரு அலங்காரமும் இல்லாமல் ஒன்று இருந்தது. மூடிய வகை, 32 ஓம், காதுப் பஞ்சைத் தனியாக மாற்றலாம். என் பாட்டைப் போட்டேன். (எந்தப் பாட்டு என்று சொல்ல மாட்டேன். கிண்டல் பண்ணுவீர்கள். இளையராஜா பாட்டு, அவ்வளவுதான்.) நூறு தடவை கேட்ட பாட்டு. ஆனால் அன்றைக்குத்தான் பல்லவிக்குப் பின்னால் வலது பக்கம் மெதுவாக ஒரு சலங்கை குலுங்குவதைக் கேட்டேன். இத்தனை நாளும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது! விலை 1,350. வாங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்புச்சியின் தலையில் மாட்டிவிட்டேன். "அதென்னத்துக்கு கண்ணு அவ்வளவு காசு?" என்றவர், பாட்டு ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொண்டார். விரல் தாளம் போட்டது.

"தபலா கேக்குது கண்ணு. பாடறவன் குரலும் கேக்குது."

"சலங்கை கேக்குதா அப்புச்சி?" என்று கத்தினேன்.

கொஞ்ச நேரம் கவனித்துப் பார்த்தார். "சலங்கையா? அப்படி ஒண்ணும் இல்லியே" என்றார்.

என் தங்கச்சி பக்கத்தில்தான் நின்றாள். அவள் கூப்பிடுவதும் அவருக்கு அந்தச் சலங்கை மாதிரிதான் என்று அப்போதுதான் புரிந்தது. எவ்வளவு நல்ல ஹெட்போன் வாங்கினாலும் காதை வாங்க முடியாது.

மீதிக் காசில் மெடிக்கல் கடையில் பஞ்சு மாதிரி இருக்கும் காதடைப்பான் வாங்கினேன். அம்மாவுக்கும் மாமாவுக்கும். இருவரும் இப்போது தறி ஓட்டுகிறார்கள். "நூல் அறுந்தா சத்தம் மாறும்டா. அது காதுல விழோணுமில்ல?" என்று அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "போட்டுப் பாரும்மா, சத்தம் குறையுமே தவிர நின்னு போகாது" என்றேன். முதல் நாள் கழற்றி வைத்துவிட்டார். இரண்டாம் நாள் போட்டார். சத்தம் மாறுவது அப்படியும் தெரிகிறதாம். மாமா மட்டும் இன்னும் சட்டைப் பையில்தான் வைத்திருக்கிறார். விடமாட்டேன்!

நான் இப்போது பாதிச் சத்தத்துக்கு மேல் வைப்பதில்லை. அதிலேயே சலங்கை கேட்கிறது. தங்கச்சி அப்புச்சியைக் கூப்பிட்டால், நான் போய் அவர் தோளைத் தொடுகிறேன்.

திருவள்ளுவர் 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். கேட்பதற்குக் காது வேண்டும் நண்பர்களே. சுவர் இருந்தால்தான் சித்திரம்!

– பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்