கல்லும் கடலும்

விடுமுறைப் பயணம் என்பது தோட்டப்புறத்து மக்களுக்கு நெடுங்காலம் அயலான ஒன்றாகவே இருந்து வந்தது. திருமணம், இழவு, தீமிதித் திருவிழா ஆகியவற்றுக்கே அவர்கள் வெளியூர் சென்றனர். காற்று வாங்கவும் கடல் பார்க்கவும் பணம் செலவிடுவது துரைமார் வழக்கம் என்று கருதினர். ஆதலால், 1979ஆம் ஆண்டின் இறுதி விடுமுறையில், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றின் கிராணியார் தம் குடும்பத்தோடு பங்கோர்த் தீவுக்குச் சென்று மூன்று நாள் தங்கி வரப்போவதாகச் சொன்னபோது, லயத்து மக்கள் அதைப் பல நாள் பேசினர்.

கிராணியாருக்கு மனைவியும் இரு பிள்ளைகளும் தாயாரும் இருந்தனர். மகன் அவ்வாண்டுதான் ஆறாம் வகுப்பை முடித்திருந்தான். மகளுக்கு எட்டு வயது. தாயாருக்கு அறுபத்தொன்று. பால்மரம் சீவி மகனைப் படிக்க வைத்து, அலுவலக நாற்காலியில் அமர்த்திய கைகள் அவருடையவை. பயணத்திற்கு மறுப்புச் சொன்னவர் அவர் ஒருவரே.

"நீங்க போயிட்டு வாங்கய்யா. கடல்ல எனக்கு என்ன வேல?" என்றார்.

தனியே விட்டுச் செல்ல மனமில்லாமல் மகன் வற்புறுத்தினார். தாயார் இசைந்தார், ஆயினும் அவர் முகம் தெளியவில்லை.

அம்மூதாட்டியிடம் ஒரு வழக்கம் இருந்தது. அவர் கடல்மீன் உண்பதில்லை. தோட்டத்து அடுப்பில் நெத்திலி வறுபடாத நாள் குறைவு. வெயிலுக்குமுன் மரம் வெட்டச் செல்வோருக்குச் சோறும் நெத்திலிச் சம்பாலுமே பசியாறல். அதனை அவரே அம்மியில் மிளகாய் அரைத்துப் பக்குவமாகச் செய்வார். ஆனால், உப்புச் சரியா என்று நாவில் வைத்துங்கூடப் பார்க்கமாட்டார்; மருமகளை அழைத்துப் பார்க்கச் சொல்வார். ஆற்றுமீன் கிடைத்தால் உண்பார். மாரியம்மனுக்கு ஏதோ நேர்ந்துகொண்டிருப்பார் என்று வீட்டார் எண்ணினர். எவரும் கேட்டதில்லை. கேட்கவேண்டிய ஒன்றாக அது அவர்களுக்குத் தோன்றவுமில்லை.

லுமூட் துறையிலிருந்து படகு புறப்பட்டபோது பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நுரையைப் பார்த்துக் கூவினர். பாட்டி உள்ளே, சன்னலுக்கு முதுகு காட்டி அமர்ந்து கண்களை மூடிக்கொண்டார். அரைமணி நேரம் கடந்ததும் காடு போர்த்திய குன்றுகளும், அவற்றின் அடியில் வரிசையாக நின்ற பாறைகளும், கடலுக்குள் கால் ஊன்றிய மீனவர் வீடுகளும் தெரிந்தன. படகு கரையை அணைவதற்கு முன்பே கருவாட்டு மணம் வந்து வரவேற்றது.

தோட்டத்து நண்பர் ஒருவரின் தமையனார் சுங்கைப் பினாங்குக் கெச்சிலில், சீனர் ஒருவரின் மீன் கிடங்கில் கணக்கு எழுதி வந்தார். அவர் இல்லத்தில் தங்குவதாக ஏற்பாடு. பங்கோர் உழைக்கும் தீவு. இரவெல்லாம் கடலில் கிடந்த படகுகள் காலையில் திரும்பின. கடல்நீரில் அவித்த நெத்திலி தட்டுத் தட்டாக வெயிலில் காய்ந்தது. மலாய்ப் பெண்களும் சீனப் பெண்களும் வரிசையாக அமர்ந்து பெரியதையும் சிறியதையும் பிரித்தனர். வானம் கறுத்தால் ஊரே ஓடிவந்து தட்டுகளை உள்ளே எடுத்தது. விடுமுறைக்கு வந்தவர்களுக்கு மழை ஒரு காட்சி. அவ்வூராருக்கோ ஒரு நாள் கூலி.

முதல் நாள் பாசிர் போகாக் கடற்கரையில் கழிந்தது. பிள்ளைகள் அலையில் விளையாடினர். நீந்தத் தெரியாத கிராணியார் முழங்கால் அளவு நீரில் நின்று அவர்களைக் காவல் காத்தார். பாட்டி மரநிழலில் பாய் விரித்துக் குன்றைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார். பேத்தி ஓடிவந்து, "பாட்டி, கடல் அந்தப் பக்கம்!" என்றாள். "தெரியும் கண்ணு" என்றார் பாட்டி, திரும்பவில்லை.

இரண்டாம் நாள் தெலுக் கெடோங்கில் உள்ள ஒல்லாந்தர் கோட்டையைக் காணச் சென்றனர். ஈயத்தைச் சேமித்து வைப்பதற்காக 1670இல் ஒல்லாந்தர் கட்டியது அது. 1690இல் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. 1743இல் மீண்டும் படை வைத்தனர். 1748இல் கைவிட்டுச் சென்றனர். பின்பு சிதைந்து கிடந்த சுவர்களை 1973இல் தேசிய அரும்பொருளகம் சீரமைத்தது. மகன் பள்ளியில் படித்த வரலாற்றை ஒப்பித்தான்: "1874ஆம் ஆண்டு சனவரி 20ஆம் நாள் பங்கோர் ஒப்பந்தம். அதற்குப் பிறகுதான் ஆங்கிலேயர் பேராக்கில் ரெசிடெண்டை நியமித்தார்கள்."

தந்தைக்குப் பெருமை தாங்கவில்லை. அவன் சொன்னது சரியே. ஆனால், பாடநூல் நின்ற இடத்திற்கு அப்பாலும் அக்கதை நீளும். இத்தீவின் அருகே கப்பலில் இடப்பட்ட அக்கையெழுத்துகளுக்குப் பின்னரே ஆங்கிலேயர் மலாய் மாநிலங்களில் காலூன்றினர். அவர்கள் காலூன்றிய பின்னர் காடு அழிந்து ரப்பர் தோட்டமாயிற்று. அத்தோட்டங்களுக்கு ஆள் வேண்டியே நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல்கள் தமிழரை ஏற்றின. கோட்டைச் சுவரைப் பிடித்து நின்ற அம்மூதாட்டியின் பயணமும் ஒரு வகையில் இத்தீவின் அருகேதான் தொடங்கியது. அன்று அதனை எண்ணிப் பார்த்தவர் எவருமில்லை.

கோட்டைக்குச் சற்றுத் தொலைவில் ஒரு பெரும்பாறை இருக்கிறது. பத்து மீட்டருக்கு மேல் நீளம் உடையது. மக்கள் அதனை எழுத்துப் பாறை என்பர். ஒரு குழந்தையைப் புலி பற்றியிருக்கும் உருவமும், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பினியின் முத்திரையும், 1743 என்னும் ஆண்டும் அதில் செதுக்கப்பட்டுள்ளன. அங்கு விளையாடிக்கொண்டிருந்த ஒல்லாந்தக் குழந்தை ஒன்று காணாமற்போயிற்று என்றும், புலி கொண்டுபோனதென நம்பியவர்கள் அதன் நினைவாகச் செதுக்கினர் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

மகன் கதையைப் படித்துச் சொன்னான். பாட்டி பாறையின் அருகே வந்தார்.

"இது நடந்து எத்தன வருசமாச்சு?"

"இருநூத்து முப்பத்தாறு வருசம், பாட்டி."

அவர் கை பாறையைத் தடவியது. "குடுத்து வச்சவங்க. கல்லு கெடச்சிருக்கு" என்றார். அச்சொல்லின் பொருள் எவருக்கும் விளங்கவில்லை. வெயில் ஏறுகிறது என்று மருமகள் குடை விரித்தார். அனைவரும் திரும்பினர்.

மூன்றாம் நாள் மாலை பத்திரகாளியம்மன் ஆலயத்திற்குச் சென்றனர். கடலை நோக்கி அமைந்த ஆலயம் அது. மாசி மகத்தன்று பல ஊர்களிலிருந்தும் மக்கள் திரள்வர். அன்று கூட்டமில்லை. வழிபாடு முடிந்து வாயிற்படியில் அமர்ந்தபோது எதிரே கடல் இருந்தது. பாட்டி கடலைப் பார்த்தார்.

வெகுநேரம் கழித்து, கேளாமலே பேசினார்.

"எனக்கு ஒரு தம்பி இருந்தான்யா."

கிராணியார் திடுக்கிட்டார். தாய் தம் பெற்றோருக்கு ஒரே மகள் என்றே அவர் நாற்பது ஆண்டுகளாக அறிந்திருந்தார்.

1927ஆம் ஆண்டு. பாட்டிக்கு அப்போது ஒன்பது வயது. கங்காணியோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறிய கூட்டத்தில் அவரும் பெற்றோரும் கைக்குழந்தையும் இருந்தனர். பினாங்கை அடைய ஏறத்தாழ ஒரு வாரம். மேல்தளத்திலும் அடித்தளத்திலும் மூட்டையோடு மூட்டையாக மனிதர் கிடந்தனர். நான்காம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. மறுநாள் விடியுமுன் அடங்கிவிட்டது.

"வெள்ளத் துணியில சுத்திக் குடுத்தாங்க. கட்டயில தூக்கி விட்டுட்டாங்க. சத்தங்கூடக் கேக்கல. அம்மா அழுதாங்க. அப்பா வாயப் பொத்தினாரு. நோயின்னு சொல்லி எல்லாரையும் தீவுல அடச்சுப்புடுவாங்கன்னு பயம்."

அந்நாளில் பினாங்கை அடைந்த தொழிலாளரை ஜெரெஜாக் தீவில் தங்கவைத்து நோய் ஆய்ந்த பின்னரே தோட்டங்களுக்கு அனுப்பினர். அங்கே நாட்கள் நீண்டுவிடும் என்னும் அச்சத்தில் ஒரு தாயின் அழுகையும் அடக்கப்பட்டது.

"அன்னையிலேருந்து அம்மா கடமீன தொடல. சாகிற வரைக்கும் தொடல. எந்த மீனு என் புள்ளயத் தின்னுச்சோன்னு ஒரே ஒரு தடவ சொன்னாங்க. அதுக்கப்புறம் நானும் தொடல."

"மாமா பேரு என்னம்மா?" என்று கிராணியார் கேட்டார். குரல் அவருக்கே அடங்கவில்லை.

"பேரு வைக்கலய்யா. போய்ச் சேர்ந்து, நல்ல நாள் பாத்து வைக்கலாம்னு இருந்தாங்க."

பேத்தி எழுந்து பாட்டியின் மடியில் சாய்ந்தாள். மகன் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆலயத்தில் விளக்கு வைக்கும் மணி ஒலித்தது.

மறுநாள் காலை வீட்டுக்கார அம்மையார் ஒரு பொட்டலம் நெத்திலியைக் கட்டிக் கொடுத்தார். பாட்டி இன்முகத்தோடு வாங்கிப் பைக்குள் வைத்தார். திரும்பும் படகிலும் அவர் உள்ளேதான் அமர்ந்தார்; முன்போலவே கண்களை மூடிக்கொண்டார். ஆனால், இம்முறை மகன் கம்பியோரம் சென்று நிற்கவில்லை. தாயின் அருகே அமர்ந்து வந்தார்.

கிராணியாரின் தொழில் பெயர் எழுதுவது. விடியலில் பிரட்டுக்களத்தில் ஆள் கணக்கு எடுப்பார். செக்ரோலில் பெயர் பெயராகக் குறிப்பார். பாலின் எடையைப் பதிவார். இருபது ஆண்டுகளில் எத்தனையோ ஆயிரம் வரிகளை எழுதியவர். தம் குடும்பத்தில் ஓர் உயிர் பிறந்து மறைந்ததற்கு ஒரு வரியும் இல்லை என்பது அவரை உறங்கவிடவில்லை. வீடு திரும்பிய இரவு, புதிய குறிப்பேடு ஒன்றை எடுத்தார். முதற்பக்கத்தில், "1927. ஆண் குழந்தை. கடலில்" என்று எழுதினார். பெயருக்குரிய இடத்தை வெறுமையாக விட்டார். அதன் கீழ்ப் பாட்டனார், பாட்டியார் பெயர்களையும் ஊரையும் தாயாரிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். தாயார் சொன்ன ஒவ்வொன்றும் அவருக்குப் புதியதாக இருந்தது.

பாட்டி 1991இல் மறைந்தார். இறுதிவரை கடல்மீன் உண்ணவில்லை. உண்ணுமாறு அதன்பின் யாரும் வற்புறுத்தவுமில்லை. அக்குறிப்பேடு இன்று பேரனிடம் இருக்கிறது. 2020 முதல் பங்கோர் தீர்வையற்ற தீவாகிவிட்டது. எழுத்துப் பாறையின் முன்னே நின்று படம் எடுத்துக்கொள்வோர் பலர். பேரனும் தம் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்றார். புலியையும் குழந்தையையும் காட்டியபின், அவர்களைக் கரைக்கு அழைத்துப் போய்க் கடலையும் காட்டினார்.

ஓர் ஒல்லாந்தக் குழந்தைக்குக் கல் கிடைத்தது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அது நினைக்கப்படுகிறது. நம் குழந்தைகள் எத்தனை பேர் வங்கக் கடலில் விடப்பட்டனரோ! அவர்களுக்குக் கல் இல்லை. கடலில் எழுதவும் இயலாது. ஒரு மூதாட்டியின் நாவில் உப்புப் படாதிருந்த விரதம் ஒன்றே அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அப்பிள்ளையின் நினைவுக் கல்லாக நின்றது. அதனையும் அவ்வீட்டார் அறியாமலே போயிருக்கக்கூடும்.

நம் வீடுகளிலும் முதியோர் இருக்கின்றனர். ஒருவர் ஒரு பண்டத்தை உண்ணமாட்டார். ஒருவர் ஒரு வழியே நடக்கமாட்டார். ஒருவர் ஒரு பாட்டைக் கேட்டால் எழுந்து போய்விடுவார். பழக்கம் என்று நாம் விட்டுவிடுகிறோம். அடுத்த விடுமுறைக்கு எங்குச் சென்றாலும் அவர்களையும் உடன் அழைத்துச் செல்வோம். அருகே அமர்வோம், ஏன் என்று கேட்போம். கையில் ஒரு குறிப்பேடும் இருக்கட்டும்.