துவரம்பருப்பு அளவு பேஸ்ட்

என் தங்கச்சி பேரையூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். கத்திரி வெயில் தொடங்கியதும் அவள் கடை கம்ப்யூட்டர் அரை மணிக்கு ஒருதரம் தானாக அணைய ஆரம்பித்தது. மதுரையில் ஒரு கடையில் காட்டினாள். "போர்டு போச்சு, புதுசு வாங்கிருங்க" என்று சொல்லிவிட்டார்கள். மனசு கேட்காமல், ஊருக்குள்ளேயே இருக்கும் ஒரு சர்வீஸ் கடைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இருவரும் போனோம்.

பத்துக்குப் பத்து அறை. ஒரு தம்பி, அவரிடம் வேலை பழகும் ஒரு பையன். பக்கத் தகட்டைக் கழற்றியதும் தம்பி எதையும் தொடவில்லை. குனிந்து தூசியைத்தான் பார்த்தார். "ஜெராக்ஸ் கடைத் தூசி தனியாத் தெரியும்க்கா. டோனரும் பேப்பர்த் தூளும் சேந்து மையாட்டம் இருக்கும். தையக்கடை மெஷின்னா நூலும் பஞ்சுமாச் சுருட்டிக்கிட்டு வரும். மாவு மில்லுன்னா களி மாதிரி அப்பிக்கிரும்." இந்தப் பக்கத்துக் கரிசல் புழுதி எல்லாப் பெட்டிக்கும் பொதுவாம்.

முதலில் பயாஸ் என்ற அமைப்புத் திரையைத் திறந்து ப்ராசஸரின் சூட்டைக் காட்டினார்: 87 டிகிரி. எந்த வேலையும் கொடுக்காமலே இவ்வளவு. இன்டெலின் பல டெஸ்க்டாப் ப்ராசஸர்களுக்கு 100 டிகிரியை ஒட்டித்தான் எல்லை. அதை நெருங்கினால் ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் சூடு அடங்காவிட்டால் கருகிவிடாமல் இருக்க மெஷினை நிறுத்திவிடும். நாங்கள் நோய் என்று நினைத்தது அதன் தற்காப்பு.

வயரைப் பிடுங்கிவிட்டு, சூடு ஆறுமுன் ப்ராசஸரின் மேலே உட்கார்ந்து சூட்டை வாங்கிக்கொள்ளும் ஹீட் சிங்கைக் கழற்றினார். நாலு மூலைப் பின்னையும் திருகி, இடமும் வலமும் லேசாகத் திருப்பி, பிறகுதான் தூக்கினார். ஆறிப்போனால் பழைய பேஸ்ட் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். சில ஏஎம்டி மெஷின்களில் நேராக இழுத்தால் ப்ராசஸரும் சேர்ந்து வந்து அதன் கால்கள் வளைந்துவிடுமாம்.

ஃபேனுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே கம்பளித் துண்டு மாதிரி தூசி படிந்திருந்தது. பையன் அதை ஒரே வில்லையாக உரித்து எடுத்தான். உள்ளே காற்று போகவே வழியில்லை. ஃபேன் இத்தனை நாளும் சும்மா கத்திக்கொண்டிருந்திருக்கிறது. மிச்சத் தூசியைப் பின்வாசலில் வைத்து புளோயரால் ஊதினார்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். கண்டபடி சுற்ற விட்டால் பேரிங் போய்விடும்.

அப்புறம்தான் பேஸ்ட். ப்ராசஸரின் மூடியும் ஹீட் சிங்கின் அடியும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் இரண்டிலும் நுண்ணிய பள்ளங்கள் உண்டு. அவற்றில் தங்கும் காற்று சூட்டைச் சரியாகக் கடத்தாது. அந்தப் பள்ளத்தை நிரப்புவதற்குத்தான் பேஸ்ட். பேஸ்ட்டைவிட உலோகம் பல மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும் என்பதால் அள்ளி அப்பினால் கெடுதல்தான். துவரம்பருப்பு அளவுக்கு நடுவில் ஒரு பொட்டு வைத்து மேலே அழுத்தினார். நாலு பின்னும் எதிரெதிர் மூலையாக 'டக், டக்' என்று உட்கார்ந்தன.

ப்ராசஸர்கள் முன்பெல்லாம் இவ்வளவு சூடாகவில்லை. 1989இல் வந்த இன்டெல் 486 பெரும்பாலும் ஃபேன் இல்லாமலே ஓடியது. 2004இல் வந்த பிரெஸ்காட் பென்டியம் 4-இல் சில 100 வாட்டைத் தாண்டின. எரிகிற நூறு வாட் குண்டு பல்பைத் தொட முடியுமா? அந்தச் சூடு கட்டைவிரல் நகத்தளவு சில்லிலிருந்து வெளியேற வேண்டும்.

மறுபடி பயாஸ்: 56. வெயில் காலத்தில் இதுவே நல்ல கணக்கு. வெளியே 40 டிகிரி என்றால் ஃபேன் ஊதுவதும் அந்தக் காற்றைத்தான். அறையைவிடக் குளிர்ச்சியாக அதனால் ஆக்க முடியாது. மேசையின் மரக்கூண்டுக்குள் பெட்டியை வைக்காமல், பின்பக்கம் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்கச் சொன்னார்.

கூலி முந்நூறு ரூபாய். தருகிறவர்கள் குறைவாம். "பார்ட்ஸ் எதுவும் மாத்தலையே தம்பி, தூசிதானே தட்டுனேன்னு கேப்பாங்கக்கா. புது போர்டுன்னு பில்லுப் போட்டா பேசாமக் குடுத்துருவாங்க." எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது. ஆயிரக்கணக்கில் செலவு வைக்காமல் ஒரு மெஷினைப் பிழைக்க வைத்த கைக்கு முந்நூறு ரூபாய் கொடுக்க ஏன் யோசிக்க வேண்டும்? தங்கச்சி பேரம் பேசாமல் கொடுத்தாள்.

நாங்கள் கிளம்பும்போது பையன் பின்வாசலில் இருமிக்கொண்டே முகத்தில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான். மூக்கு இருந்த இடத்தில் துணியில் இரண்டு கறுப்பு வட்டங்கள்.