பெரும்பாடு

தமிழ் பயில்வார் தாம் நன்கறிந்தனவாகக் கருதும் சொற்களிலேயே பெரிதும் இடறுவர். எமக்கு அவ்விடறல் ‘பெரும்பாடு’ என்னும் சொல்லால் நேர்ந்தது.

சென்ற கோடை விடுமுறையில், எம் ஊர் ஓய்வுநாட் பள்ளியில் மாற்கு சுவிசேஷத்தின் 5ஆம் அதிகாரத்தைக் கற்பித்தேம். 12 ஆண்டுகள் பெரும்பாடுற்று, வைத்தியர் பலரிடம் கைப்பொருளை இழந்த ஒரு பெண், இயேசு பெருமானின் ஆடையைத் தொட்டுச் சுகம்பெற்ற வரலாறு அஃது. “பெரும்பாடு என்பது என்ன நோய், அண்ணா?” என ஒரு சிறுமி வினவினாள். உலக வழக்கை எண்ணிப் ‘பெருந்துன்பம்’ என்றேம். வீடு திரும்பி அகராதியை நோக்க, மாதவிடாயில் அளவிறந்து குருதி போகும் நோய் என்றிருந்தது. எம் பிழையை அன்னையாரிடம் நகைத்துக் கூறினேம். அவர் நகைத்திலர். சிறிது பொறுத்து, “எனக்கும் அந்நோயே, தம்பி, நான்கு ஆண்டாயிற்று” என்றார்.

திங்கள்தோறும் எட்டு ஒன்பது நாள், மணிக்கொரு நாப்கின், ஆராதனையில் கடைசி வரிசை. படியேறுகையில் அவருக்கு மூச்சு வாங்கியதை யாம் மூப்பின் செயலென்று எண்ணியிருந்தேம். முன்பு ஒரு மருத்துவர், கருப்பையை அகற்றுதலே வழி என்று ஒரு சொல்லில் முடித்தனராம். கத்திக்கும் செலவுக்கும் அஞ்சி அன்னையார் பின்னர் ஒருவரிடத்தும் வாய் திறந்திலர்.

மறு வாரம் வேறொரு மகளிர் மருத்துவரிடம் அவரை அழைத்துச் சென்றேம். ஒரு விடாயில் 80 மில்லிலிட்டருக்கு மேற்படுதல் என்று முன்னர் வரையறுத்தனர் எனினும், வீட்டில் அளந்தறிவார் யார்? அன்றாட வாழ்வைக் குலைக்குமாயின் அதுவே நோய் என்பது இக்காலத்தார் கொள்கை. அன்னையாரின் ஹீமோகுளோபின் 8 கிராமே இருந்தது. 12க்குக் குறையின் சோகை என்ப. இரும்புச்சத்து மாத்திரை உடனே தொடங்கியது. நார்க்கட்டி, தைராய்டு குறை, குருதி உறைதற் குறை எனக் காரணங்கள் பலவாதலின் அவற்றிற்குரிய சோதனைகள் நிகழ்ந்தன. வயது 45ஐக் கடந்தமையால் கருப்பையின் உட்படலத்திற் சிறிதெடுத்தும் ஆய்ந்தனர். அஞ்சத்தக்கது யாதுமில்லை.

பின்னர் அம்மருத்துவர் வழிகளை வரிசையாக உரைத்தார். குருதி போகும் நாள்களில் மட்டும் உண்ணும் டிரானெக்சாமிக் அமிலம் ஒன்று. 1962இல் ஜப்பானிய அறிஞர் உத்தாகோ ஒகாமோட்டோவும் அவர்தம் கணவர் சோசுக்கேயும் வெளியிட்ட மருந்து அது. உறைந்த குருதி விரைந்து கரையாவண்ணம் காக்கும். குருதிக்குழாயில் உறைகட்டி கண்டவர்க்கு ஆகாது. மெஃபெனாமிக் அமிலம் நோவையும் போக்கையும் ஒருங்கே குறைக்கும். ஹார்மோன் மாத்திரைகளும் உள. கருப்பையுள் வைக்கும் லெவோனார்ஜெஸ்ட்ரல் சாதனம் உட்படலத்தை மெலிவித்துச் சில ஆண்டுகள் பயன்தரும். பெருங்கட்டி இல்லார்க்கு அதனை முதற்கண் கருதுமாறு பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2018இல் நெறி வகுத்தது. இனி மகப்பேறு வேண்டாதார்க்கு உட்படலத்தைச் சுட்டழிக்கும் முறையும் உண்டு. கருப்பை நீக்கம் இவற்றிற்கெல்லாம் பின்னரே எண்ணத்தக்கது. தேவையற்ற கருப்பை நீக்கங்களைத் தடுக்கும் நெறிமுறைகளை மாநிலங்கள் கைக்கொள்ளவேண்டுமென நம் உச்ச நீதிமன்றமும் 2023இல் ஆணையிட்டதன்றோ!

அன்னையார் அச்சாதனத்தைத் தெரிந்துகொண்டார். முதற் சில திங்கள் சிறுகசிவு இருந்தது; ஆறாந் திங்களில் போக்கு மிகக் குறைந்தது. இன்று ஆராதனையில் முன்வரிசையில் அமர்கின்றார்.

நண்பர்காள்! சுவிசேஷத்துப் பெண் மறைந்து வந்து தொட்டாள். பெருமானோ அவளை மறைந்தே செல்ல விட்டிலர். உண்மை முழுவதையும் கூட்டத்தின் நடுவே கூறச்செய்து, மகளென்று அழைத்தார். எம் வீட்டில் நான்காண்டு மறைந்திருந்த நோயை ஒரு சிறுமியின் வினா வெளிப்படுத்தியது. அவளுக்கு யாம் கடன்பட்டிருந்த விடையை, அடுத்த ஓய்வுநாளில் அன்னையாரே வகுப்பிற்கு வந்து கூறினார்.