நாலு மடங்கு வந்தால்தான்

ரேஸுக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் பேடாக்கில் குதிரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது யாருக்கும் பயம் இருப்பதில்லை. அங்கிருந்து கவுண்டருக்கு நடக்கிற நாலைந்து நிமிடத்தில்தான் அது ஆளைப் பிடிக்கும். கிண்டி ரேஸ் மைதானத்தில் ஒருநாள் என் பக்கத்தில் நின்ற பையன் ரேஸ் புத்தகத்தில் ஒரு குதிரைக்கு வட்டம் போட்டு வைத்திருந்தான். போர்டில் அதன் விலை இரண்டு மடங்கிலிருந்து மூன்று மடங்குக்கு ஏறியதும் முகம் வாடிவிட்டது.

“அண்ணே, விஷயம் தெரிஞ்சவங்க ஒதுங்குறாங்க போல. ஜெயிக்கும்னு வின் வேணாம், முதல் சில இடத்துக்குள்ள வரும்னு பிளேஸ் மட்டும் போட்டுடவா?”

“குதிரை மாறிடுச்சா தம்பி?”

மாறவில்லை. கழுத்தில் வியர்வை நுரை இல்லை, நடையில் பிசகில்லை. அதே ஜாக்கி, அதே எடை. மாறியது ஜெயித்தால் கிடைக்கும் பணம் மட்டும், அதுவும் அவனுக்குச் சாதகமாக. விலை ஏறுவதில் சில நேரம் செய்தி இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் பயந்தவன் கண்ணுக்கு விலை ஏறினாலும் அபாயம், இறங்கினாலும் அபாயம்.

தோல்விக்குப் பயப்படாதே என்று புத்தி சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. தோல்வி எவ்வளவு சாதாரணம் என்று தெரிந்தால் பயம் தானாகவே தன் அளவுக்கு வந்துவிடும். ரேஸ் நடக்கும் நாடுகள் பலவற்றில் ஃபேவரிட் குதிரை ஏறத்தாழ மூன்றில் ஒரு ரேஸில்தான் ஜெயிக்கிறது. அதாவது எல்லோரும் நம்பும் குதிரையே மூன்றுக்கு இரண்டு முறை தோற்கிறது. இந்தக் கணக்கில் 100 பந்தயம் கட்டுகிறவருக்கு, எங்காவது ஓரிடத்தில் தொடர்ந்து எட்டு முறை தோற்க பத்துக்கு ஏழு வாய்ப்பு உண்டு. குதிரையைப் பார்க்கத் தெரிந்தவருக்கும் அந்த எட்டு வரும். ஐந்தாவது தோல்வியிலேயே “நமக்கு ராசியில்லை” என்று கைநடுங்குகிறவர் இதை முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பார்க்காதவர்.

எட்டு தோல்வியைத் தாங்குகிற தொகையைத்தான் ஒரு ரேஸில் வைக்க வேண்டும். இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஜான் கெல்லி 1956இல் எழுதியது. மூன்றில் ஒன்று ஜெயிக்கும் என்று நாம் மதிப்பிடும் குதிரைக்கு மூன்று மடங்கு லாபம் கிடைத்தால், கையிருப்பில் ஒன்பதில் ஒரு பங்கு வைக்கலாம் என்று அந்தக் கணக்கு சொல்லும். நான் அதில் கால்வாசிதான் வைப்பேன். நம் மதிப்பீடே பிசகலாம், அதற்கும் இடம் விட வேண்டும். தொகை இப்படிச் சுருங்கியதும் மனம் மறுபடி குதிரையைப் பார்க்க ஆரம்பிக்கிறது. வீட்டு வாடகையைக் கையில் வைத்துக்கொண்டு யாராலும் குதிரையைப் பார்க்க முடியாது. அந்தப் பணம் மைதானத்துக்குள் வரவே கூடாது.

பயத்துக்கு இன்னொரு முகம் கடைசி ரேஸில் தெரியும், இதுதான் கொடியது. நாளெல்லாம் ஐம்பதும் நூறுமாகப் பயந்து பயந்து போட்டவர், விட்டதை எடுக்க வேண்டும் என்று மிச்சம் மொத்தத்தையும் பத்து மடங்கு, இருபது மடங்குக் குதிரை மேல் கொட்டுவார். பார்க்கிறவருக்கு அது துணிச்சல். உள்ளே இருப்பது வெறுங்கையோடு வீட்டுக்குப் போகும் பயம். உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதிய பெயர்பெற்ற கட்டுரையில் இந்தக் கடைசி ரேஸ் வழக்கத்தைக் குறிப்பிடுகிறார்கள். நட்டத்தை மனம் ஏற்காத ஆள், மற்ற வேளையில் தொடாத பந்தயத்தையும் தொடுவார் என்பது அவர்கள் கண்டது. மைதானத்தில் மாலை நேரம் நின்றவர்களுக்கு இதற்குச் சாட்சி வேண்டாம்.

தமிழ்நாட்டில் ரேஸை ஒழிக்க 1974இல் சட்டம் வந்தது. ஆனால் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, சூதாட்டம் ஆகாது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. என்னைக் கேட்டால் அந்தத் திறமையில் பாதி குதிரையை அடையாளம் காண்பது, மறுபாதி விலை சரியில்லாதபோது நகர்ந்துவிடுவது. இன்றைக்கு அந்த மறுபாதிக்குத்தான் வேலை அதிகம். 2023 அக்டோபரிலிருந்து பந்தயத்தில் போடும் முழுத் தொகைக்கும் 28 சதவீதம் ஜிஎஸ்டி. 2025 செப்டம்பரிலிருந்து அது 40 சதவீதம். வரி முழுவதும் ஆடுகிறவர் தலையில் விழுந்தால் 100 ரூபாய் கட்ட 140 ரூபாய் ஆகிறது. மேலே சொன்ன குதிரை ஜெயித்தால் கைக்கு வருவது 400. மூன்றில் ஒரு முறை 400 என்றால் சராசரி 133. வரி இல்லாவிட்டால் நல்ல பந்தயம், 28 சதவீதத்தில் நூலிழையில் தப்பியது, இன்று நட்டம். இங்கே பயந்து பின்வாங்குகிறவர்தான் சரியாக ஆடுகிறார். கெல்லியின் கணக்கும் இந்த இடத்தில் ஒரு ரூபாய்கூட வைக்காதே என்றுதான் சொல்லும்.

அதனால் ரேஸ் புத்தகத்தில் பெரும்பாலான பக்கங்களைக் குறியில்லாமல் புரட்டிவிடுகிறேன். மூன்றில் ஒன்று ஜெயிக்கும் என்று தோன்றும் குதிரைக்கு 3.2 மடங்கு கிடைத்தால் முதலுக்கு மோசமில்லை, அவ்வளவுதான். நான் நாலு மடங்கு கேட்கிறேன். போர்டில் அது வராவிட்டால், அந்த ரேஸை ரெயிலிங் ஓரம் நின்று பார்ப்பதோடு சரி.