வியாழக்கிழமை

அப்பாவுக்கு நாக்கில் புற்றுநோய். ஆரம்பக் கட்டம். லேசரில் கட்டியையும் சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையையும் எடுத்தார்கள். லேசர் வெட்டும்போதே சிறு ரத்தக்குழாய்களை அடைத்துவிடுமாம், ரத்தம் அதிகம் போகவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான பாடு. எச்சில் விழுங்கவே கண் கலங்கும். ஒரே மாதத்தில் ஆறு கிலோ இறங்கிவிட்டார். அம்மா ராகி மாவை வடிகட்டி, பால் ஊற்றித் தளரக் காய்ச்சி, ஆறவைத்து, ஒரு ஸ்பூன் நெய் விட்டுக் கொடுப்பாள். மசித்த பருப்பு, முட்டை, தயிர். மிளகாயும் புளியும் அடுக்களையை விட்டே போயின. ரசமில்லாமல் அதுவரை நாங்கள் சாப்பிட்டதில்லை.

விழுங்கவும் பேசவும் தனிப் பயிற்சி. ‘ழ’தான் ரொம்பப் படுத்தியது. பெங்களூரு விவேக் நகர் குழந்தை இயேசு கோயிலின் வியாழக்கிழமை ஜெபத்தில் முன்பெல்லாம் அவர் குரல் தனியாகக் கேட்கும். இப்போது உதடு மட்டும் அசையும். போன வாரம் கோயில் வாசலில் நின்று, ‘வியாழக்கிழமை’ என்று முழுசாகச் சொன்னார். அம்மா அழுதுவிட்டாள்.

வாய்ப்புண் மூன்று வாரமாகியும் ஆறவில்லையா? புகையிலைப் பழக்கம் இல்லாவிட்டாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். நம் ஓசூர் ரோட்டிலேயே கித்வாய் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது.