குரங்கு மூளை கிடைக்காத அரண்மனை

புதுக்கோட்டையில் இறங்கி "ராஜா அரண்மனை போகணும்" என்று சொல்லிப் பாருங்கள். "கலெக்டர் ஆபீஸா சார்?" என்பார் ஆட்டோக்காரர். இரண்டும் ஒன்றுதான்!

போன லீவில் அக்கா பையனைக் கூட்டிப் போனேன். வாசலிலேயே நின்று, "பாதாள அறை எங்க மாமா? அங்கதானே நரபலி குடுப்பாங்க?" என்றான்.

எல்லாம் ஸ்பீல்பெர்க் உபயம். 1984-ல் வந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி டெம்பிள் ஆஃப் டூம்' படத்தின் கதை, 1935-ல் பாங்காட் என்ற கற்பனை சமஸ்தானத்தில் நடக்கிறது. மகாராஜா ஒரு சின்னப் பையன். விருந்தில் கண்முழி சூப், வண்டு, ஜில்லென்று குரங்கு மூளை! அரண்மனைக்கு அடியில் காளி கோயில். அங்கே நம்ம அம்ரீஷ் பூரி, உயிரோடிருக்கும் ஆளின் இதயத்தைக் கையாலேயே பிடுங்குகிறார். கதையைப் படித்த இந்திய அரசு மாற்றங்கள் கேட்க, யூனிட் இலங்கையின் கண்டிக்குக் கிளம்பிவிட்டது.

தமாஷ் என்னவென்றால், அதே 1935-ல் புதுக்கோட்டைக்கும் நிஜமாகவே ஒரு பையன்தான் ராஜா! ராஜகோபாலத் தொண்டைமான். 1922-ல் பிறந்து, 1928-ல் ஆறு வயதில் பட்டத்துக்கு வந்தவர். நிர்வாகம் பார்த்தவர் மந்திரவாதி அல்ல. டாட்டன்ஹாம் என்ற வெள்ளைக்கார ஐ.சி.எஸ். அதிகாரி.

இங்கேயும் அம்மன் உண்டு. திருக்கோகர்ணம் பிரகதாம்பாள். அவள் யார் இதயத்தையும் கேட்கவில்லை. செப்புக் காசில் வந்து உட்கார்ந்தாள். ஒரு பக்கம் அம்மன், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. 20 அம்மன் காசு ஓர் அணா. பி.காம். மூளை சும்மா இருக்குமா? ரூபாய்க்கு 320! நவராத்திரியில் அரிசியோடு இந்தக் காசும் தானமாகப் போகும்.

இதையெல்லாம் ஹாலிவுட் ஏன் பார்க்கவில்லை? அவர்கள் பார்த்தது இந்தியாவை அல்ல, பழைய ஹாலிவுட்டை. 1939-ல் கலிஃபோர்னியா மலைகளில் எடுத்த 'கங்கா தின்' படத்திலும் இதே காளி, இதே கொலைகாரக் கூட்டம். ஒரு படத்தைப் பார்த்து இன்னொரு படம்!

அமெரிக்காக்காரன் நம்பினால் நமக்கு நஷ்டம் கொஞ்சம்தான். நம்ம வீட்டுப் பையன், நம்ம ஊர் அரண்மனையில் நின்று நம்பினால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

படம் பார்க்காதீர்கள் என்று சொல்லவில்லை. சீட் நுனியில் உட்கார வைக்கிற படம்தான். பார்த்தபின் ஒருநாள் பிள்ளைகளோடு புதுக்கோட்டைக்கு வாருங்கள். திருக்கோகர்ணம் மியூசியத்தில் நாணயங்களைக் காட்டுங்கள். பசித்தால் கவலை வேண்டாம். குரங்கு மூளை கிடைக்காது. சூடாக முட்டை மாஸ் கிடைக்கும்!